பலகையும் பகடையும் – 23: நினைவாட்டம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மைதானம் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் வெற்றிடம் மிச்சமிருக்கிற இடங்களில் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஃபிளெக்ஸ் தொங்கும். மேலே மாலை போட்ட ஓர் இளைஞரின் படம். கீழே ‘மூன்றாம் ஆண்டு நினைவுக் கோப்பை’, முதல் பரிசு, நுழைவுக் கட்டணம், தொடர்புக்குக் கைபேசி எண்கள். ஒன்று கிரிக்கெட்டாக இருக்கும், இல்லாவிட்டால் கபடி. போய்ச் சேர்ந்த ஆட்டக்காரருக்கு அவர் ஆடிய ஆட்டத்தையே படையலாக வைப்பது நம் பக்கத்து வழக்கம். நல்ல வழக்கம்தான்.

ஆனால் அந்த ஆட்டத்தை உண்டாக்கியவருக்கு யாரும் கோப்பை வைத்ததில்லை. வைக்கவும் முடியாது. பல்லாங்குழிக்கு முதல் குழியைத் தோண்டியது யார்? ஆடுபுலிக்குக் கோடு கிழித்தது யார்? பரமபதத்தில் பாம்பின் வாயை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று தீர்மானித்த அந்தக் குரூரமான ஆள் யார்? பெயரில்லை. சதுரங்கத்துக்கும் அதே கதிதான். கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக நெல்மணி கேட்ட ஞானியின் கதை இருக்கிறது. அது கேரளத்தில் அம்பலப்புழைப் பால்பாயசத்தில் போய் முடிகிறது. திருவாரூர் மாவட்டத்துத் திருப்பூவனூரில் சிவனே சதுரங்கம் ஆடி சதுரங்க வல்லபநாதர் ஆகிறார். கதைகள் உண்டு, ஆள் இல்லை.

சென்ற இதழ்களில் சதுரங்கத்தின் பெரிய கிளையைத் தொடர்ந்து வந்தோம். பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தாவும், மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளியில் படித்து 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5 – 6.5 என்று வென்று உலக சாம்பியனான குகேஷும் அந்தக் கிளையில் நம் வட்டாரத்தில் பழுத்த கனிகள். இந்த இதழில் பார்க்கப்போவது அதே மரத்திலிருந்து ஜெர்மனிப் பக்கம் வளைந்துபோன வேறொரு கிளை. அதன் நுனியில் பெயரும் முகமும் தெரிந்த ஓர் ஆட்டக் கர்த்தா இருக்கிறார். அவர் இறந்த வாரத்தில், அவருடைய ஆட்டத்தை முதன்முதலில் ஆடியவர்களில் பலர் உயிரோடு இருந்தார்கள். ஆட்டங்களின் வரலாற்றில் இது அபூர்வம்.

1780இல் பிரவுன்ஷ்வைக் அரசவையில் பிரபுக்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஹெல்விக் என்பவர், சதுரங்கப் பலகையை இழுத்துப் பெரிதாக்கினார். 64 கட்டம் 1,600ஐத் தாண்டியது. கட்டங்களுக்கு நிறம் கொடுத்து மலை, ஆறு, சதுப்பு என்றார். பீரங்கியும் வந்தது. பிறகு பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும். தந்தை 1812இல் மன்னருக்கு இழுப்பறைகள் வைத்த ஒரு போர்மேசையே செய்து கொடுத்தார். மகன் 1824இல் கட்டத்தையே தூக்கி எறிந்துவிட்டு ராணுவ வரைபடத்தின் மேல் காய்களை நகர்த்தினார். சேதத்தைக் கணக்கிடப் பகடை. இரு தரப்புக்கும் நடுவில் ஒரு நடுவர்.

அந்த நடுவரைக் கொஞ்சம் கவனியுங்கள். சதுரங்கத்தில் இரண்டு பேருக்கும் எல்லாம் கண்முன்னே கிடக்கிறது; மூன்றாம் ஆளுக்கு வேலையில்லை. ரைஸ்விட்ஸின் ஆட்டத்தில் எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்பது நடுவருக்கு மட்டும் தெரியும். தளபதி தன் உத்தரவைத் தாளில் எழுதி அவரிடம் நீட்டுவார். விளைவை அவர்தான் அறிவிப்பார். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி ஒருபடி மேலே போய், அட்டவணையும் பகடையும் எதற்கு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதாதா என்று கேட்டார். இன்று நெட்ஃபிளிக்ஸில் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடங்கும்போது ஒரு பையன் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மற்ற மூவரைப் பயமுறுத்துகிறானே, அவன் அந்தப் பிரஷ்ய நடுவரின் நேர் வாரிசு.

நடுவே ஒரு கண்ணி. அமெரிக்க ராணுவ அதிகாரி சார்லஸ் டாட்டன் 1880இல் ‘ஸ்ட்ராட்டெகோஸ்’ என்ற போர் ஆட்ட நூலை எழுதினார். ஆட்டக்காரர் எதை வேண்டுமானாலும் முயலலாம், நடுவர் முடிவு சொல்வார் என்ற எண்ணம் அதில் இருந்தது. அறுபதுகளில் மின்னசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் அது டேவிட் வெஸ்லி என்ற மாணவர் கையில் சிக்கியது. 1969இல் அவர் நெப்போலியன் காலத்துச் சிற்றூர் ஒன்றைக் கற்பனை செய்து, ஒருவரை மேயராக்கினார், ஒருவரைப் பல்கலைக்கழகத் தலைவராக்கினார், இன்னொருவருக்கு வேறு பொறுப்பு. சண்டை தொடங்கவே இல்லை. ஆளுக்கொரு மூலையில் நின்று சதியாலோசனை செய்துகொண்டிருந்தார்கள். ஆட்டம் பாழ் என்று வெஸ்லி தலையில் கைவைத்தார். ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர் டேவ் ஆர்னெசன்.

ஆர்னெசன் ஒருநாள் தன் வீட்டு மேசைமேல் ஒரு கோட்டைப் பொம்மையை வைத்தார். நெப்போலியன் சண்டை ஆட வந்த நண்பர்கள் அதைப் பார்த்து விழித்தார்கள். கோட்டைக்கு அடியில் நிலவறை, நிலவறையில் பூதம். ஆளுக்கு ஒரே ஒரு காய். அந்தக் காய்க்குப் பெயர் உண்டு, சாகாமல் திரும்பினால் அடுத்த வாரமும் அதே ஆள், கொஞ்சம் தேர்ந்தவனாக. ‘பிளாக்மூர்’ என்ற அந்த ஆட்டத்தை 1972 கடைசியில் ஆர்னெசன் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவுக்குக் கொண்டுபோய் ஆடிக்காட்டினார். ஆடிப் பார்த்தவர் கேரி கைகாக்ஸ்.

கைகாக்ஸ் 1938இல் சிகாகோவில் பிறந்தவர். தந்தை சுவிட்சர்லாந்திலிருந்து வந்த வயலின் கலைஞர். பையன் சிறுவயதிலேயே சீட்டும் சதுரங்கமும் கற்றுக்கொண்டான். பள்ளிப் படிப்பு முழுசாக முடியவில்லை. வளர்ந்து காப்பீட்டு நிறுவனத்தில் அபாயக் கணக்குப் போடும் வேலை. எந்த வீடு தீப்பிடிக்கும், எவ்வளவு நஷ்டம் என்று நாள் முழுக்க அட்டவணை பார்த்தவர் மாலையில் வீட்டுக்கு வந்து எந்த வாள் எந்தக் கவசத்தைத் துளைக்கும் என்று அட்டவணை போட்டார். அவருடைய ஆட்டத்தில் கொட்டிக்கிடக்கும் அட்டவணைகளுக்கு மூலம் அந்த அலுவலகம்தான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. 1968இல் லேக் ஜெனீவாவில் ஒரு மண்டபத்தை 50 டாலருக்கு வாடகைக்கு எடுத்துப் போர் ஆட்டப் பிரியர்களுக்கு ‘ஜென் கான்’ என்ற கூடுகையை நடத்தினார். 1970இல் வேலை போயிற்று. வீட்டு நிலவறையில் காலணி பழுதுபார்க்கும் தொழிலைத் தொடங்கினார். ஒருபக்கம் தோலும் ஆணியும், மறுபக்கம் பொம்மைச் சிப்பாய்கள்.

ஆவடிக்காரர்களுக்கு ஓர் உபரிச் செய்தி. விஜயந்தாவில் தொடங்கி டாங்கி செய்தே பேர் வாங்கிய ஊர் அது. கைகாக்ஸும் டாங்கி ஆள்தான். 1971இல் வெளிவந்த ‘டிராக்டிக்ஸ்’ என்ற டாங்கிப் போர் விதிநூலில் மைக் ரீஸ், லியோன் டக்கர் ஆகியோரோடு அவர் பெயரும் இருக்கிறது. எந்தக் கோணத்தில் எந்தக் குண்டு எந்தத் தகட்டைத் துளைக்கும் என்ற அந்தக் கணக்குகள் ஆவடித் தொழிற்சாலைக்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்காது, வேலையாகத்தான் தெரியும். அதே ஆண்டு ஜெஃப் பெர்ரெனோடு எழுதிய ‘செயின்மெயில்’ இடைக்காலப் போருக்கானது. அதன் பின்னிணைப்பில் மந்திரவாதியும் டிராகனும் தலைகாட்டினார்கள். ஆர்னெசனின் பிளாக்மூர் அந்தப் பின்னிணைப்பை எடுத்துக்கொண்டு வளர்ந்ததுதான்.

ஆர்னெசன் ஊர் திரும்பியதும் கைகாக்ஸ் தன் பங்குக்கு ஒரு பாழ்கோட்டைக்கு நிலவறை வரைந்தார். முதல் ஆட்டக்காரர்கள் அவருடைய பிள்ளைகள், ஏர்னியும் எலீஸும். அந்த இரவில் முதலில் எதிர்ப்பட்டது ராட்சதப் பூரானா தேள் கூட்டமா என்பதில் கைகாக்ஸுக்கே பிற்காலத்தில் சந்தேகம். புதையல் மட்டும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது: ஒரு பெட்டி, உள்ளே 3,000 செப்புக் காசு. பிள்ளைகள் குதித்திருப்பார்கள். பெட்டியைத் தூக்க முடியவில்லை, அவ்வளவு கனம். தகப்பன் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் இந்த ஆட்டத்தைப் பற்றி இன்று எழுத ஒன்றும் இருந்திருக்காது. மறுநாள் ஊர் நண்பர்கள் ராப் குன்ட்ஸ், டான் கே போன்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

கைகாக்ஸ் ஆட்டத்தின் விதிகளை எழுதிப் பெரிய நிறுவனத்திடம் காட்டினார்; அவர்கள் வேண்டாம் என்றார்கள். டான் கே தன் ஆயுள் காப்பீட்டின் மேல் 1,000 டாலர் கடன் வாங்கினார். 1973 அக்டோபரில் டி.எஸ்.ஆர் என்ற பெயரில் கடை பிறந்தது. 1974 ஜனவரியில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்தது: மரத்தோற்றக் காகிதம் ஒட்டிய அட்டைப் பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், மொத்தம் 1,000 பெட்டி. வீட்டில் உட்கார்ந்து கையால் கோத்தது. டான் கே அதன் வெற்றியைப் பார்க்கவில்லை. அடுத்த ஜனவரியில் மாரடைப்பு. வயது முப்பத்தாறு.

பகடையைப் பற்றிச் சொல்லாமல் நகரக் கூடாது, தொடரின் பெயரிலேயே அது இருக்கிறது. நமக்கு நாலு பக்கத் தாயக்கட்டையும் ஆறு பக்கப் பகடையும் போதும். கைகாக்ஸ் கலிஃபோர்னியாவில் பள்ளிகளுக்குக் கணக்குச் சாதனம் விற்ற ஒரு நிறுவனத்திடமிருந்து ஐந்து வடிவங்கள் வரவழைத்தார்: 4, 6, 8, 12, 20 முகங்கள். முகமெல்லாம் ஒரே ஒழுங்குப் பலகோணமாகவும் முனையெல்லாம் ஒரேமாதிரியாகவும் அமையும் குவிந்த திண்ம உருவங்கள் உலகத்திலேயே ஐந்துதான் என்பது பழைய கிரேக்கக் கணக்கு. ஐந்தும் மேசைக்கு வந்துவிட்டன. எண்களில் நிறம் இருக்காது. பிள்ளைகள் மெழுகுக் கிரேயானைத் தேய்த்து எண்ணைத் தெரியவைத்தார்கள். 1979இல் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெட்டிக்குள் எண் அச்சிட்ட சீட்டுகளைப் போட்டு, குலுக்கி எடுத்துக்கொள்ளுங்கள் என்று டி.எஸ்.ஆர் கைகழுவியது. தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும், வீடே கொண்டாடும். இந்த இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தால் பெரும்பாலும் கதை கந்தல்.

அடுத்த முப்பது ஆண்டை வேகமாகக் கடந்துவிடலாம். லட்சக்கணக்கில் விற்பனை. சாத்தான் வழிபாடு என்று பாதிரிகளின் கூச்சல். உரிமைத்தொகை கேட்டு ஆர்னெசன் 1979இல் வழக்கு, 1981இல் சமரசம். 1985இல் நிறுவனத்தின் பிடி கைகாக்ஸிடமிருந்து நழுவியது, அடுத்த ஆண்டு வெளியேறினார். அதே 1985இல் ‘டிராகன்’ பத்திரிகையின் 100ஆம் இதழில் அவர் வெளியிட்டது ஒரு சதுரங்கம்: ‘டிராகன்செஸ்’. ஆகாயம், பூமி, பாதாளம் என்று மூன்று பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் 96 கட்டம். இருநூறு ஆண்டுக்கு முன் ஹெல்விக் இழுத்துப் பெரிதாக்கிய அதே பலகைக்கு இவர் மாடி கட்டினார்.

2008 மார்ச் 4 அன்று லேக் ஜெனீவா வீட்டில் கைகாக்ஸ் இறந்தார். அறுபத்தொன்பது வயது, வயிற்றுப் பெருந்தமனி வீக்கம். 8ஆம் தேதி இறுதிச் சடங்கு. முடிந்ததும் குடும்பமும் பழைய நண்பர்களும் வெளியூரிலிருந்து வந்த ஆட்டக்காரர்களும் ஊர் அமெரிக்கன் லீஜியன் மண்டபத்துக்குப் போனார்கள். முன்னாள் ராணுவத்தினருக்கான சாதாரணக் கூடம். அங்கே மேசைகளைச் சேர்த்துப்போட்டுப் பகடையை உருட்டத் தொடங்கினார்கள். நம் ஊரில் சாவு வீட்டு வாசலில் இரவெல்லாம் சீட்டு ஆடுவார்கள், அது தூக்கத்தை விரட்ட. இவர்கள் ஆடியது இறந்தவரையே. அவர் எழுதிய நிலவறைகள், அவர் வைத்த பொறிகள்.

மறு ஆண்டு மார்ச்சில் அதையே முறையாகக் கூட்டி ‘கேரி கான்’ என்று பெயர் வைத்தார்கள். சடங்கு நாளன்று நடந்ததற்குப் பின்னாளில் சுழியம் என்று எண் கொடுத்தார்கள். மகன் லூக் முன்னின்று நடத்த, ஆண்டுதோறும் நடக்கிறது. இப்போது இடம் கிராண்ட் ஜெனீவா விடுதி. ஒருகாலத்தில் அது பிளேபாய் கிளப். 1977இல் ஜென் கான் அங்கேதான் நடந்தது. முயல்காதுப் பணிப்பெண்களுக்கு நடுவே பூதங்களைக் கொன்ற ஆண்டு அது. சிலை வைக்க மனைவி கெயில் பின்னாளில் நிதி திரட்டத் தொடங்கினார். சிலைக்கு முன்பே நினைவாட்டம் வந்துவிட்டது.

அந்த மேசைகளில் என்னதான் ஆடுகிறார்கள்? பெரும்பாலும் பழைய முறை. பழைய முறை என்றால் 1974 பெட்டியும் அதற்கடுத்த சில ஆண்டுப் புத்தகங்களும். ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டி வலிமை, அறிவு, சாமர்த்தியம் என்று வரிசையாக எழுத வேண்டியதுதான். வந்தது வந்ததுதான், மாற்ற முடியாது. உயிர்ப்புள்ளி ஒற்றை இலக்கம், ஒரே வெட்டில் போய்விடும். ஒருவர் கட்டம்போட்ட தாளில் வரைபடம் வரைவார், ஒருவர் எல்லோர் சார்பிலும் பேசுவார்.

“படிக்கட்டு கீழே இறங்குகிறது. பத்தடி அகல நடை. வடக்கே ஒரு கதவு.”

“பத்தடிக் கழியால் தரையைத் தட்டிக்கொண்டே போகிறேன்.”

“மூன்றாவது தட்டில் சத்தம் மாறுகிறது.”

“யாரும் நகராதீர்கள். பந்தத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம்?”

பந்தம் எரிவது ஆறு சுற்று, சுற்றுக்குப் பத்து நிமிடம். ஒரு மணி நேரம் முடிந்தால் இருட்டு. நின்று யோசிக்கிற ஒவ்வொரு சுற்றிலும் நடுவர் ஒரு பகடையை உருட்டுவார், ஏதாவது ஒன்று இந்தப் பக்கம் வருகிறதா என்று பார்க்க. ‘பொறி இருக்கிறதா என்று தேடுகிறேன்’ என்று மொட்டையாகச் சொன்னால் பெரும்பாலான மேசைகளில் செல்லாது. எங்கே, எதால், எப்படி என்று வாயால் சொல்லியாக வேண்டும். இதில் ஒரு நுட்பம். அனுபவப் புள்ளியில் பெரும்பங்கு பொற்காசுக்குத்தான், கொலைக்குக் கொஞ்சம்தான். ஆகவே பூதத்தோடு மோதுகிறவன் முட்டாள், பூதம் தூங்கும்போது பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவன் கெட்டிக்காரன். ஏர்னியும் எலீஸும் முதல் இரவில் பட்ட பாடு இதுதான்.

தொண்டை மண்டலத்துக் கூத்தில் கட்டியங்காரன் ராஜாவை அறிமுகப்படுத்துவான், வம்பிழுப்பான், கதையைத் தள்ளிவிடுவான், நேரமானால் சுருக்குவான். நிலவறை நடுவரின் வேலை ஏறக்குறைய அதுதான், ராஜாவின் வசனம் மட்டும் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. கைகாக்ஸ் தன் வீட்டில் ஆட்டம் நடத்தியபோது கோப்பு அலமாரியின் இழுப்பறைகளை இழுத்துவிட்டு அவற்றுக்குப் பின்னால் மறைந்துகொள்வார் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. முகம் தெரியாது, குரல் மட்டும் வரும்.

உள்ளதைச் சொன்னால், அந்த மூன்று புத்தகங்களும் மோசமாக எழுதப்பட்டவை. சண்டைக்கு ‘செயின்மெயில்’ வேண்டும் என்கின்றன. காட்டுப் பயணத்துக்கு வேறொரு நிறுவனம் விற்ற ‘அவுட்டோர் சர்வைவல்’ பலகையை வாங்கச் சொல்கின்றன. பாதி விதி முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். புதிதாகப் படிப்பவருக்குத் தலை சுற்றும். ஆனால் ஓட்டை இருந்த இடத்தில் எல்லாம் நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மேசைக்கு மேசை ஆட்டம் வேறாயிற்று. பின்னால் வந்த பதிப்புகள் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தன. டி.எஸ்.ஆரை 1997இல் வாங்கிய விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2000இல் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. விதி மிக ஒழுங்கு, பக்கம் மிக அதிகம். பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அதே நிறுவனம் அடிப்படை விதிகளைப் பிறரும் பயன்படுத்தலாம் என்று திறந்த உரிமம் கொடுத்திருந்தது. அதை வைத்தே 2006இல் ‘ஓஸ்ரிக்’ வந்தது, பிறகு ‘லேபிரிந்த் லார்ட்’, ‘ஸ்வோர்ட்ஸ் அண்ட் விஸார்ட்ரி’. அச்சில் இல்லாத பழைய ஆட்டத்தைப் புதிய சொற்களில் திரும்ப எழுதிய நூல்கள் இவை. விதியின் கருத்துக்குக் காப்புரிமை இல்லை, எழுதிய வாசகத்துக்குத்தான் உண்டு என்பது இவர்களுக்குக் கைகொடுத்தது. கைகாக்ஸ் இறந்தபோது அவரை ஆடி நினைக்க விரும்பியவர்கள் கையில் ஆடத் தோதான புத்தகம் தயாராக இருந்தது.

ஆர்னெசன் அடுத்த ஆண்டே, 2009 ஏப்ரல் 7 அன்று, அறுபத்தொரு வயதில் இறந்தார். அவருக்கும் பிளாக்மூர் ஆடித்தான் அஞ்சலி செய்கிறார்கள், சிறிய வட்டத்தில். பெட்டியின் மேல் பெயர் இரண்டு இருந்தும் உலகம் ஒன்றைத்தான் நினைவில் வைத்தது. கைகாக்ஸ் எழுதி முடித்தவர், விற்கத் தெரிந்தவர், பேட்டி கொடுத்தவர். ஆர்னெசன் தாள் தாளாகக் குறிப்பு வைத்திருந்தவர். நிலவறையும் ஒற்றைக் காயும் அவருடையவை என்பதை வழக்குக்குப் பின்னும் பலர் மறந்துபோனார்கள். என் கணக்கில் முதல் மரியாதை ஆர்னெசனுக்கு.

இந்த வட்டத்தில் மூன்றாவதாக ஒருவர் உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருது கற்பித்த பேராசிரியர் எம்.ஏ.ஆர். பார்க்கர், இந்தியாவுக்கு வந்து மொழிகளைப் படித்தவர், இஸ்லாத்தைத் தழுவியவர். 1975இல் டி.எஸ்.ஆர் வெளியிட்ட அவருடைய ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ ஆட்டத்தில் ஐரோப்பியக் கோட்டை கொத்தளம் கிடையாது. உலகம், மொழி, எழுத்து, தெய்வங்கள் எல்லாம் அவரே கட்டியவை. 2012இல் இறந்தார். சரியாகப் பத்து ஆண்டு கழித்து, அவர் படைப்புகளைப் பேணும் அறக்கட்டளையே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது: 1991இல் புனைபெயரில் வெளியான நாஜி ஆதரவு நாவல் ஒன்றை எழுதியவர் அவர்தான். அந்தச் செய்திக்குப் பிறகு அவருடைய பெட்டியை மேசைமேல் எடுத்துவைக்கலாமா என்று அவர் ரசிகர்கள் போட்ட சண்டை அடுத்த இதழில்.